பித்தப்பைக் கல்லும் புற்றுநோயும்: காரணம் எது?

சுன்னாகம் சந்தையின் காலை இரைச்சலைக் கடந்து, காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையினுள்ளே அமைந்த இல்லம் ஒன்றுக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். முற்றத்து மாமர நிழலிலே, சாய்மனைக் கதிரையில் வீட்டுத் தலைவியாகிய மூதாட்டியார் அமர்ந்திருந்தார். எப்போதும் சிரித்த முகத்தோடு வரவேற்பவர் அன்று பேசாமல் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அது வயிற்றை ஸ்கான் செய்து பார்த்ததன் அறிக்கை. பித்தப்பையினுள்ளே கற்கள் உள்ளன என்று அதிலே எழுதப்பட்டிருந்தது.

"தம்பி, எங்கட மச்சாளுக்கும் முதல்லை கல்லெண்டுதான் சொன்னவை. பிறகு புற்றெண்டு முடிஞ்சுது. எனக்கும் அதுதானோ?" என்று கேட்டார்.

உயர்தர வகுப்பிலே உயிரியல் படிக்கும் பேர்த்தி அருகில் நின்றாள். "கல்லிருக்கிற எல்லாருக்கும் புற்று வாறேல்லை, அம்மம்மா. ஆனால் புற்று வந்த ஆக்களிலை கனபேருக்குக் கல் இருந்ததெண்டும் புத்தகத்திலை கிடக்கு" என்றாள்.

அவள் கூறிய இரண்டும் உண்மை. ஆயினும் இரண்டையும் கேட்ட மூதாட்டியாருக்கு ஆறுதல் பிறக்கவில்லை, அச்சமே மிகுந்தது. கல் புற்றுநோயை உண்டாக்குகின்றதா, அன்றிப் புற்றுநோய் உள்ள இடத்திலே தற்செயலாய்க் காணப்படுகின்றதா? இவ்வினாவுக்கு விடை காண அறிஞர்கள் பல்லாண்டுகள் முயன்றுள்ளனர். மிக அண்மைக்காலத்திலே, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் பரம்பரை அலகுகளையே சாட்சிகளாக அழைத்து விசாரித்திருக்கின்றனர். அவ்விசாரணையின் முக்கியமான ஒரு பகுதி நமக்கு அயலிலுள்ள பாரதத்திலே, மும்பாய் நகரிலே நடந்தது. அதனை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

பித்தப்பையும் அதன் கற்களும்

ஈரலின் அடியிலே, பேரிக்காய் போன்ற வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பையே பித்தப்பை. ஈரல் நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரையிலான பித்தத்தைச் சுரக்கின்றது. அதன் ஒரு பகுதியை வாங்கிச் செறிவாக்கிச் சேமித்து வைத்து, நாம் கொழுப்புணவு உண்ணும்போது சிறுகுடலுக்குச் செலுத்துவதே இப்பையின் தொழில். சித்த மருத்துவம் கூறும் வாதம், பித்தம், சிலேற்பனம் என்ற மூன்றனுள் ஒன்றாகிய பித்தம் உடல் முழுவதற்கும் உரிய ஒரு தத்துவம். நாம் இங்கே பேசுவது ஈரல் சுரக்கும் மஞ்சட்பச்சை நிறமான திரவத்தையே.

பித்தத்திலே கொலஸ்திரோல், பித்த உப்புக்கள், கொழுப்பைக் கரைநிலையில் வைக்கும் பொசுபோலிப்பிட்டு என்னும் பொருள், குருதியின் சிதைவால் உண்டாகும் நிறப்பொருள் ஆகியன கலந்துள்ளன. இவற்றின் அளவு ஒன்றுக்கொன்று இசைந்திருக்கும் வரையில் பித்தம் தெளிந்திருக்கும். கொலஸ்திரோல் மிகுந்தாலோ, அதனைக் கரைத்து வைக்கும் பொருள் குறைந்தாலோ, பை முறையாகச் சுருங்கி விரியாது சோம்பினாலோ படிகம் தோன்றும். படிகம் திரண்டு கல்லாகும். வட இந்தியாவிலே கொலஸ்திரோற் கற்களும், தென்னிந்தியாவிலே நிறப்பொருட் கற்களும் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே கற்கள் கூடுதலாக உண்டாகின்றன.

இவ்விடத்திலே சுன்னாகத்து வாசகர் ஒருவர், "எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு நீராயிற்றே, அதுதானே கல்லாகின்றது?" என்று கேட்கக்கூடும். சுண்ணக்கற் பாறையின் மீது அமைந்த நம் குடாநாட்டு நீர் கடின நீர் என்பது மெய். ஆனால் கேத்தலின் அடியிலே படியும் சுண்ணாம்பு பித்தப்பையிலும் அவ்வாறே படிகின்றது என்று எண்ணுதல் தவறு. குடித்த நீர் நேராகப் பித்தப்பையினுள்ளே புகுவதில்லை. கல்லுக்கு மூலப்பொருள் உடல் தானே ஆக்கும் பித்தமேயாகும். மின்னிலையக் கழிவெண்ணெய் இவ்வூர்க் கிணறுகளிற் கலந்தது பற்றி உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்ததும், அதனால் மக்கள் நீரைப் பற்றி விழிப்பாயிருப்பதும் தக்கனவே. எனினும் அது வேறு வழக்கு. இது வேறு வழக்கு. ஒன்றன் அச்சத்தை மற்றதன் மேல் ஏற்றுதல் ஆகாது.

உடன் காணப்படுவதெல்லாம் காரணமா?

பித்தப்பைப் புற்றுநோய் உலகத்திலே பரவலான நோயன்று. 2022ஆம் ஆண்டிலே உலகம் முழுவதிலும் ஏறக்குறைய 1,22,000 பேருக்கு இந்நோய் புதிதாக வந்ததென்று கணிக்கப்பட்டுள்ளது. இலங்கையில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் இஃது ஒன்றன்று. சென்னை முதலிய தென்னிந்திய நகரங்களைவிடக் கங்கைச் சமவெளியிலே இது பன்மடங்கு அதிகம். தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டிலும் மிகுதி. பெரும்பாலும் முற்றிய பின்னரே தெரியவருவதால் இது கொடிய நோயாயிற்று.

இந்நோயாளரிற் பெரும்பாலோரின் பித்தப்பையிலே கல் இருந்தமையை வைத்தியர்கள் நெடுங்காலமாகவே கண்டுள்ளனர். கல் நாள்தோறும் உரசுவதால் பையின் உட்சுவர் புண்பட்டு, அழற்சி நீடித்து, ஈற்றிலே புற்றாக மாறுகின்றது என்று கொள்ளுதல் இயல்பே. ஆனால் இயல்பாகத் தோன்றுவது எல்லாம் மெய்ப்பிக்கப்பட்டது ஆகாது.

ஒரு வேடிக்கையைக் கூறுவோம். அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழ் மாணவர்க்குத் தமிழ் மொழியிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். அவர் பிறந்தது 1822இல், மறைந்தது 1884இல். பரம்பரையின் விதிகளைக் கண்டறிந்த கிரகர் மெண்டல் என்ற துறவியார் ஐரோப்பாவிலே பிறந்ததும் அதே 1822இல். மறைந்ததும் அதே 1884இல். இரண்டு வாழ்க்கைகளும் தொடங்கிய ஆண்டும் முடிந்த ஆண்டும் ஒன்றாயிருப்பதால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று எவரேனும் கூறுவரா? கூறார். ஆனால் நோய் என்று வந்துவிட்டால் நாம் அனைவரும் இத்தகைய தவற்றை எளிதிலே செய்துவிடுகின்றோம்.

கல்லையும் புற்றையும் சேர்த்துக் காண்போரை மயக்கும் வழிகள் மூன்று உள்ளன. முதலாவது, புற்றுநோயாளரைத் துருவித் துருவிச் சோதிப்பதனால் அவர்களிடமே கற்கள் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. நலமாயிருப்பவரின் பையிலுள்ள கல்லை எவரும் தேடுவதில்லை. இரண்டாவது, வளரும் புற்றே பித்தத்தின் ஓட்டத்தைத் தடுத்துக் கல் உண்டாவதற்கு இடங்கொடுக்கலாம். அப்போது காரியத்தையே காரணம் என்று நாம் மாறிக் கொள்வோம். மூன்றாவது, உடற்பருமன் போன்ற வேறொன்று இரண்டையும் தனித்தனியே விளைக்கலாம்.

இம்மயக்கத்தால் விளையக்கூடிய கேட்டுக்கு ஒரு சான்று பின்லாந்து தேசத்திலே கிடைத்தது. கரட் முதலிய மரக்கறிகளை மிகுதியாக உண்போருக்கு நுரையீரற் புற்று குறைவு என்று கண்டு, அவற்றிலுள்ள பீற்றாகரட்டீன் என்னும் சத்தை வில்லைகளாக்கிப் புகைபிடிப்போருக்குக் கொடுத்துப் பார்த்தனர். 29,133 ஆண்கள் அந்தச் சோதனையிலே பங்குபற்றினர். 1994இல் முடிவு வெளியாயிற்று. வில்லை உண்டவர்க்கு நுரையீரற் புற்று குறையவில்லை. 18 சதவீதம் கூடியது! மரக்கறி உண்போருடைய வாழ்க்கை முறையிலிருந்த வேறு நன்மையை அந்த ஒரு சத்தின் பெயரிலே எழுதியதனால் நேர்ந்த பிழை அது.

அங்ஙனமாயின் கல்லையும் அவ்வாறே சோதித்துப் பார்க்கலாமே என்றால் அது நடவாத காரியம். ஆயிரம் பேரின் வயிற்றிலே கல்லை உண்டாக்கி, ஆயிரம் பேரை அவ்வாறின்றி விட்டு, முப்பது ஆண்டுகள் காத்திருந்து பார்க்க எந்த அறமும் இடந்தராது. மனிதன் செய்யலாகாத அச்சோதனையை இயற்கை முன்னரே செய்து வைத்திருக்கின்றது என்பதே அறிஞர் கண்ட உண்மை.

இயற்கை எடுக்கும் திருவுளச்சீட்டு

நம்மவர் ஒரு காரியத்திலே தம் விருப்பு வெறுப்புக் கலவாதிருக்க வேண்டின், கோயிலிலே பூக்கட்டித் திருவுளச்சீட்டுப் பார்ப்பதுண்டு. எந்தப் பொட்டணம் கைக்கு வரும் என்பதிலே கேட்பவரின் செல்வமோ, கல்வியோ, பழக்கமோ குறுக்கிட முடியாது.

ஒரு குழந்தை கருவாகும்போது நிகழ்வதும் இத்தகையதே. தாயிடமுள்ள இரண்டு பிரதிகளில் ஒன்றும், தந்தையிடமுள்ள இரண்டு பிரதிகளில் ஒன்றும் எழுமாற்றாகப் பிள்ளைக்கு வருகின்றன. மெண்டல் தம் மடத்துத் தோட்டத்திலே பயற்றஞ் செடிகளை எட்டு ஆண்டுகள் வளர்த்து எண்ணிக் கண்டு, 1866இல் அச்சிட்டு வெளியிட்ட விதி இதுவேயாகும். அண்ணனுக்கு ஒரு பிரதியும் தம்பிக்கு வேறொரு பிரதியும் வரலாம். எவரும் தேர்ந்து எடுத்ததன்று. பின்னர் மாற்றவும் முடியாது. நோய் வந்து அதனைத் திருத்துவதும் இல்லை.

இந்த விதியை நோய்முதல் தேடுவதற்குக் கருவியாக்கலாம் என்ற எண்ணத்தை ஒல்லாந்து தேசத்து அறிஞர் மார்ட்டின் காட்டான் 1986இல் ஒரு கடிதத்தின் மூலம் வெளியிட்டார். குருதியிற் கொலஸ்திரோல் குறைந்தால் புற்றுநோய் வருமோ என்ற ஐயம் அக்காலத்திலே எழுந்திருந்தது. பிறவியிலேயே கொலஸ்திரோலைக் குறைக்கும் பரம்பரை அலகைப் பெற்றவர்களுக்குப் புற்றுநோய் மிகுதியா என்று பாருங்கள்; மிகுதியாயின் ஐயம் மெய்; இல்லையாயின் புற்றுநோயே கொலஸ்திரோலைக் குறைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். 2003ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் பிரிஸ்டல் நகரத்து அறிஞர்களான ஜோர்ஜ் டேவி சிமித்தும் ஷா இப்ராகிமும் இம்முறையை விரிவாக வகுத்துக் காட்டினர். மெண்டலின் பெயராலேயே இது வழங்கப்படுகின்றது. தமிழிலே இதனை 'மெண்டல்வழி எழுமாற்று ஆய்வு' எனலாம்.

கல்லுக்கு இதனை எவ்வாறு பொருத்துவது? ஈரலிலிருந்து கொலஸ்திரோலைப் பித்தத்தினுள்ளே இறைக்கும் ஒரு புரதத்தை ஆக்குவது 'ஏபிசிஜி8' என்னும் அலகு. அதன் ஒருவகைப் பிரதியைப் பெற்றுப் பிறந்தோரின் பித்தத்திலே கொலஸ்திரோல் கூடுதலாக இறைக்கப்படுவதால் அவர்களுக்குக் கற்கள் எளிதில் உண்டாகும். இவ்வாறு கல்லை விளைக்கும் அலகு வேறுபாடுகள் பல அறியப்பட்டுள்ளன. அவற்றைக் கூடுதலாகப் பெற்றோர் குழு ஒன்று. குறைவாகப் பெற்றோர் குழு மற்றொன்று. இரு குழுவிலும் பணக்காரரும் ஏழைகளும், படித்தவரும் படியாதவரும், மெலிந்தவரும் பருத்தவரும் ஏறக்குறைய ஒருபடியாகவே கலந்திருப்பர். ஏனெனில் பிரித்தது இயற்கையின் சீட்டு. முதற் குழுவிலே பித்தப்பைப் புற்றுநோயும் கூடுதலாயிருப்பின் கல்லைக் காரணம் என்று கொள்வதற்கு வலிய ஆதாரம் கிடைத்துவிடும்.

மும்பாயிலே நடந்த விசாரணை

மும்பாய் நகரிலே 1941இல் திறக்கப்பட்டது தாத்தா நினைவு மருத்துவமனை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் நாடி வரும் இடம் அது. கங்கைச் சமவெளியிலிருந்து புகைவண்டியேறி வந்த பித்தப்பைப் புற்றுநோயாளர் பலர் அங்கே சிகிச்சை பெற்றனர். கடுகெண்ணெயோ, நெருப்புக்காய்ச்சற் கிருமி உடலிலே நெடுங்காலம் தங்குவதோ, நிலத்தடி நீரிலுள்ள ஆசனிக்கோ காரணம் ஆகலாம் என்று பலவாறாக ஐயங்கள் எழுந்திருந்தன.

ஷரயு மாத்ரே, இராஜேஷ் தீட்சித் முதலிய ஆராய்ச்சியாளர்கள் முதலிலே நோயாளர் 1,042 பேருடைய பரம்பரை அலகுகளையும், இந்நோய் இல்லாதவர் 1,709 பேருடைய அலகுகளையும் ஒப்புநோக்கி, 2017இல் முடிவை வெளியிட்டனர். ஏழாம் நிறமூர்த்தத்திலே 'ஏபிசிபி1', 'ஏபிசிபி4' என்னும் அலகுகள் அமைந்த பகுதி இந்நோயோடு தொடர்புற்றிருப்பதை அவர்கள் கண்டனர். இவற்றுள் 'ஏபிசிபி4' செய்யும் தொழில் யாது? கொலஸ்திரோலைக் கரைநிலையில் வைக்கும் பொசுபோலிப்பிட்டைப் பித்தத்தினுள்ளே செலுத்துவதே! தேடியது புற்றின் மூலத்தை. அகப்பட்டது பித்தத்தின் இசைவைக் காக்கும் வாயில்.

அடுத்து அவர்கள் கல்லையே நேராக விசாரணைக்கு அழைத்தனர். 2021இல் வெளியான அந்த ஆய்விலே நோயாளர் 1,170 பேரும் நோயில்லாதோர் 2,525 பேரும் சேர்க்கப்பட்டிருந்தனர். மூன்று விதமாகக் கணக்கெடுக்கப்பட்டது.

முதலாவதாக, "உமக்கு முன்னர் கல் இருந்ததா?" என்று வாய்மொழியாகக் கேட்டனர். இருந்தது என்றோருக்குப் புற்றுநோய் வாய்ப்பு 4.5 மடங்கு என்று தெரிந்தது. இரண்டாவதாக, வாய்ச்சொல்லை விட்டு, படமெடுத்துக் கண்ட கற்களை மாத்திரம் கணக்கிற் கொண்டனர். அப்போது அது 2 மடங்காகக் குறைந்தது. மூன்றாவதாக, கல்லை விளைப்பன என்று அறியப்பட்ட 26 அலகு வேறுபாடுகளைக் கொண்டு மெண்டல்வழி ஆய்வு செய்தனர். பல்வேறு கணித முறைகளால் அளந்தபோதும் விடை 1.3க்கும் 1.6க்கும் இடையிலேயே நின்றது.

இவ்வெண்களை வாசகர்கள் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். மூன்றாம் கணக்கு 1 என்று வந்திருப்பின் கல் குற்றமற்றது. உடன் வந்தது மாத்திரமே என்று விடுவித்திருக்கலாம். அவ்வாறு வரவில்லை. ஆகவே கல்லும் ஒரு காரணமே என்பது தீர்ப்பு. ஆனால் மக்கள் வாய்மொழியால் மதிக்கப்பட்ட அளவுக்கு அது பெரிய குற்றவாளி அன்று என்பது தீர்ப்பின் மறுபாதி. பரம்பரைச் சாய்வை அளப்பதும் கண்முன் உள்ள கல்லை எண்ணுவதும் ஒரே அளவுகோல் அல்லவாதலால் இவ்வெண்களை ஒன்றோடொன்று அப்படியே கழித்துப் பார்த்தல் கூடாது. ஆயினும் அவை காட்டும் திசை தெளிவானது.

மடங்கு என்ற சொல்லைக் கேட்டு மருள்வோருக்காக ஒரு கணக்கைக் கூறுவோம். பேச்சுக்காக, பதினாயிரம் பேரிலே பத்துப் பேருக்கு வரும் ஒரு நோய் இருக்கின்றதெனக் கொள்வோம். அஃது ஒன்றரை மடங்கானால் பதினைந்து பேருக்கு வரும். எஞ்சிய 9,985 பேருக்கு வராது. மடங்கு கூடியதும் மெய். பெரும்பாலோர் தப்பியதும் மெய். பேர்த்தியார் கூறிய இரண்டு உண்மைகளும் இங்கே பகையின்றி ஒன்றாய் நிற்கின்றன.

பிற நாடுகளின் சாட்சியம்

சிலி நாட்டிலே மாப்பூச்சே என்னும் பழங்குடியினரின் இரத்தவழி வந்தோரிடம் இந்நோய் மிகுதி. அவ்வழியின் பங்கு ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் பித்தப்பைப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 3.7 சதவீதம் கூடுகின்றது என்று 2017இல் ஓர் ஆய்வு கண்டது. மெண்டல்வழி ஆய்வும் அங்கே நடந்து 2021இல் வெளியாயிற்று. சிலி மக்களிடையேயும் கல் காரணமாகின்றது என்பதற்கு அஃது ஆதரவளித்தது. இந்தியாவும் சிலியும் உணவாலும் குலத்தாலும் நிலத்தாலும் வேறுபட்டவை. அவ்விரு நாடுகளின் சாட்சியும் ஒத்திருப்பது வழக்குக்கு வலிமை தருகின்றது.

கல்லுக்குக் காரணம் எது என்று இன்னும் ஒரு படி பின்னோக்கிச் சென்றோரும் உண்டு. தென்மார்க்கின் கோப்பன்ஹேகனிலே 77,000க்கு மேற்பட்ட மக்களை ஆராய்ந்து, உடல் பருப்பதற்கு ஏதுவான அலகுகளைப் பெற்றோர்க்கு நோவு தரும் பித்தக்கற்கள் கூடுதலாக வருகின்றன என்று 2013இல் கண்டனர். உடற்பருமனைத் தவிர்த்தால் பித்தப்பைப் புற்றும் குறையும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் 2016இல் முடிவு கூறியது. பருமனிலிருந்து கல்லும், கல்லிலிருந்து புற்றுமாக ஒரு சங்கிலி தெரிகின்றது. பரம்பரை நம் கையில் இல்லை. அச்சங்கிலியின் முதற் கண்ணியாகிய பருமனோ ஓரளவேனும் நம் கையிலே இருக்கின்றது. ஆனால் பட்டினி கிடந்து திடீரென்று மெலிதலும் கல்லை உண்டாக்கும் ஆதலின், மெல்ல மெல்ல எடையைக் குறைத்தலே முறை.

தீர்ப்பின் எல்லை

எந்தத் தீர்ப்புக்கும் எல்லை உண்டு. மும்பாய் ஆய்விலே பயன்படுத்திய 26 வேறுபாடுகளும் ஐரோப்பிய வழியினரிடம் கண்டறியப்பட்டவை. 27,174 கல்நோயாளரையும் 7,36,838 பிறரையும் ஒப்பிட்டு அவை தெரிந்தெடுக்கப்பட்டன. அவை இந்தியருக்கும் பொருந்துமா என்பதை ஆராய்ச்சியாளர்கள் தாமே சோதித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. மேலும், ஓர் அலகு கல்லின் வழியாக அல்லாமல் வேறொரு வழியாகவும் புற்றைத் தூண்டுமாயின் சாட்சி பழுதாகும். இதனாலேதான் ஒரு கணித முறையோடு நில்லாது பல முறைகளால் அளந்தனர்.

இன்னும் ஒன்று. இவ்வாய்வு ஒரு கூட்டத்தைப் பற்றிக் கூறுவதேயன்றி, ஒரு தனி ஆளின் தலைவிதியைக் கூறுவது அன்று. பரம்பரை அலகுகள் சோதிடக் குறிப்பு அல்ல. மச்சாளுக்கு வந்தது எனக்கும் வரும் என்பதற்கு இவ்வாய்வு எவ்வகையிலும் ஆதாரம் ஆகாது. கணவன் வழி உறவினராகிய மச்சாளுக்கும் மூதாட்டியாருக்கும் இரத்த உறவே இல்லையன்றோ!

கல்லைக் கண்டால் செய்ய வேண்டியது என்ன?

ஒரே அறிவைக் கொண்டு இரண்டு நாடுகள் இரண்டு விதமாக நடக்கலாம். இந்நோய் மிகுந்த சிலி நாட்டிலே, கல்லுள்ள 35 முதல் 49 வயதினருக்குப் புற்றுநோய்த் தடுப்பாகவே பித்தப்பையை அகற்றும் சிகிச்சைக்கு 2006 முதல் அரசு உறுதியளித்துள்ளது. இந்நோய் அரிதான நாடுகளிலோ, தொந்தரவு செய்யாத கல்லைப் பொதுவாக அப்படியே விட்டுக் கவனித்து வருகின்றனர். இதிலே முரண்பாடு இல்லை. எந்தச் சத்திரசிகிச்சையும் ஆபத்து முற்றாக அற்றதன்று; நோய் அரிதான இடத்திலே பயனைவிட ஆபத்து மிகுந்துவிடலாம்.

ஆனால் சில நிலைமைகள் வேறானவை. கல்லோடு நோவும் உண்டாயின் பித்தப்பையை அகற்றுமாறு வைத்தியர்கள் பொதுவாக அறிவுறுத்துவர். மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பெரிய கல், ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட தசைமொட்டு, சுண்ணாம்பு படிந்து இறுகிய பைச்சுவர் ஆகியவற்றையும் அவர்கள் தனிக் கவனத்தோடு நோக்குவர். கொழுப்புணவு உண்ட பின் வலப்பக்க மேல்வயிற்றிலே எழுந்து, முதுகுக்கோ வலத்தோளுக்கோ பரவும் நோவு கல்லின் குறி. காய்ச்சலும் கண் மஞ்சளாதலும் உடன் வந்தால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. பசியின்மையும் காரணமற்ற மெலிவும் மஞ்சட்காமாலையும் சேர்ந்து முதியோருக்கு வந்தாலும் அவ்வாறே.

பித்தப்பையை முதன்முதலாகச் சத்திரசிகிச்சையால் அகற்றியவர் பேர்லின் நகரத்து வைத்தியர் கார்ல் லங்கன்புக், ஆண்டு 1882. ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1985இல், எரிக் மூஹே என்ற இன்னொரு ஜேர்மனிய வைத்தியர் சிறு துவாரங்கள் வழியாகவே அதனை அகற்றிக் காட்டினார். இப்போது அம்முறையே பெருவழக்கு. பையை இழந்தாலும் ஈரல் பித்தத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், சமிபாடு நின்றுவிடாது.

மூதாட்டியாரின் மறைபொருள்

இவற்றையெல்லாம் நாம் எளிய சொற்களிலே கூறி முடித்தபோது மூதாட்டியாரின் முகம் சற்றுத் தெளிந்தது. "அப்ப ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?" என்றார்.

நாம் விடை கூறுமுன் பேர்த்தி முந்திக்கொண்டாள். "அம்மம்மா, சாப்பிட்ட பிறகு உங்களுக்கு நோகிறதோ?"

சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்பு உண்மை வெளிப்பட்டது. வடையோ பொரியலோ உண்ட இரவுகளில் வலப்பக்கத்திலே இறுக்கிப் பிடிப்பதாகவும், அது தோள்வரை ஏறுவதாகவும், வாயுக்குத்து என்று எண்ணி ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பதாகவும் சொன்னார். தைப்பொங்கலுக்குப் பின்னர் நான்கைந்து முறை வந்ததாம். மக்களை அலைக்கழிக்கலாகாது என்று எவருக்கும் சொல்லவில்லையாம்.

நாம் திகைத்தோம். புற்றுநோய் வருமோ என்ற அச்சத்திலே வீடு முழுவதும் மூன்று நாட்களாக உறங்காதிருந்தது. வைத்தியர் முதலிலே அறிய வேண்டிய அந்த ஒரு செய்தியோ ஓமத்தண்ணீர்ப் போத்தலோடு அலுமாரியில் மறைந்து கிடந்தது. கல் புற்றாகுமோ என்ற வினாவுக்கு அறிஞர்கள் ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தைச் சோதித்து விடை தேடினர். அவ்விடை நம் வீட்டுக்குப் பயன்படுவதற்கு நம் நோவை மறையாது சொல்லுதல் முதலில் வேண்டும்.

அடுத்த புதன்கிழமை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது என்று மருமகன் உறுதி கூறினார். அகற்றுவதா, பொறுப்பதா என்பதை அங்குள்ள வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். அகற்றிய பையை உருப்பெருக்கியிலே வைத்துச் சோதிக்குமாறு அனுப்புவது வழக்கம் என்பதையும், புற்று உண்டா இல்லையா என்பது அதிலே தெரிந்துவிடும் என்பதையும் பேர்த்தி விளக்கினாள்.

நாம் விடைபெற்று எழுந்தபோது மூதாட்டியார் பழைய சிரிப்போடு, "எடுத்த கல்லைப் போத்தலிலை போட்டுத் தருவினமாம், தம்பி. அடுத்தமுறை வரேக்கை காட்டுறன்" என்றார்.